கைப்பிடி நடுங்கும் வேளை

நின்றால் விழுவதும் ஓடினால் நிமிர்வதும் இருசில்லு வண்டியின் இயல்பு. நிற்கின்ற மோட்டார் சைக்கிளைத் தாங்குகாலின்றி விட்டால் அது மறுகணமே பக்கவாட்டிற் சாய்ந்துவிடும். அதே வண்டி மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது, ஓட்டுபவர் பெருமுயற்சி எதுவுஞ் செய்யாமலே நேராகச் செல்கின்றது. வேகமே அதற்கு ஊன்றுகோல். ஆயினும், ஊன்றுகோலாக நின்ற அவ்வேகமே சில வேளைகளிற் பகையாகவும் மாறிவிடுவதுண்டு.

நல்ல வீதி, நேரான பாதை, வண்டி விரைந்து செல்கின்றது. வீதியிலுள்ள சிறு மேடொன்றில் முன்சில்லு ஏறி இறங்குகின்றது. அவ்வளவுதான். கைப்பிடி இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்குகின்றது. முதலில் விரல்களில் ஒரு துடிப்பு. அடுத்த கணத்தில் முழங்கைகள் உதறுகின்றன. அதற்கடுத்த கணத்திற் கைப்பிடி பெற்றோல் தாங்கியின் இரு பக்கங்களிலும் மாறிமாறி மோதுகின்றது. இவ்வளவும் நிகழ்ந்து முடிய இரண்டு மூன்று விநாடிகளே போதும். எத்தனையோ வருடம் வண்டி ஓட்டியவரையும் திகைக்கச் செய்யும் இந்நிகழ்ச்சிக்குக் காரணம் யாது? அவ்வேளையிற் செய்யத்தக்கது யாது? அது வாராமற் காப்பது எங்ஙனம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

மோட்டார் சைக்கிளின் ஆட்டங்கள் இரு வகைப்படும் என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். ஒன்று, முன்சில்லும் கைப்பிடியும் மட்டும் விரைந்து துடிக்கும் நடுக்கம். இது விநாடிக்கு ஏறக்குறைய 6 முதல் 10 தடவை நிகழும். மற்றையது, வண்டி முழுவதும் பாம்பு நெளிவது போல இருபுறமும் அசைந்து செல்லும் நெளிவு. இது மெதுவானது, வேகமாக ஓடும் வண்டியில் விநாடிக்கு 2 முதல் 4 தடவை மட்டுமே நிகழும். நடுக்கத்தின் இருப்பிடம் வண்டியின் முன்பகுதி. நெளிவோ வண்டியின் முன்னையும் பின்னையும் ஒருங்கே பற்றுவது. நோய் வேறானால் மருந்தும் வேறாதலின், இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று.

நடுக்கம் எங்ஙனம் பிறக்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள ஆஸ்பத்திரியிலுள்ள தள்ளுவண்டியை நோக்கினாற் போதும். அதன் அடியிலுள்ள சிறு சில்லு, தான் திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னே இழுபட்டு வருகின்றது. வண்டியை எத்திசையில் தள்ளினாலும் அச்சில்லு அத்திசைக்கே தன்னைத் திருத்திக்கொள்ளும். மோட்டார் சைக்கிளின் முன்சில்லும் அவ்வாறே அமைந்தது. கைப்பிடி திரும்பும் அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால், அது சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்கு முன்னே நிலத்தைச் சந்திக்கும். இவ்விரு இடங்களுக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலான வண்டிகளில் 8 முதல் 12 சென்ரிமீற்றர் வரை இருக்கும். முன்சில்லு வழி தவறித் திரும்பினால், நிலம் அதனைப் பக்கவாட்டில் தள்ளி மீண்டும் நேராக்குவது இத்தூரத்தினாலேயே.

ஆனால் அதே தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளிப் பார்த்தால் வேறொரு காட்சி தோன்றும். நேராக ஓடவேண்டிய சிறு சில்லு இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும். தன்னைத் திருத்திக்கொள்ளும் அதே இயல்புதான் இங்கு அளவு மீறிச் செயற்படுகின்றது. நடுநிலைக்குத் திரும்பிய சில்லு அங்கே நில்லாமல் மறுபுறத்துக்குப் பாய்கின்றது. அங்கிருந்து திருத்தப்பட்டு மீண்டும் இப்புறம் பாய்கின்றது.

இப்பாய்ச்சல் தானாகவே ஓய்ந்துவிடாமல் வளர்வதற்கு ரயரின் இயல்பும் ஒரு காரணம். றப்பர் இரும்பைப் போன்றதன்று. சில்லு சற்றுத் திரும்பியவுடன் பக்கவிசை அக்கணமே முழுமையாக உண்டாவதில்லை. சில்லு சிறிது தூரம் உருண்டு, ரயர் வளைந்து கொடுத்த பின்னரே அவ்விசை நிறைவு பெறுகின்றது. ஆகவே திருத்தும் விசை எப்பொழுதும் ஒரு சிறிது காலந்தாழ்த்தியே வந்து சேர்கின்றது. சில்லு நடுநிலையைக் கடந்து மறுபுறம் செல்லத் தொடங்கிய பின்னரும் முன்னைய விசை அதனைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றது. ஊஞ்சலில் இருப்பவர், பிறர் எவரும் ஆட்டாமலே, தாமே உந்தி உந்தி அதன் வீச்சைப் பெருக்குவதைப் பலரும் கண்டிருப்பர். நடுங்கும் முன்சில்லும் அத்தன்மையதே. வீதியிலுள்ள மேடு அதனைத் தொடக்கி வைப்பது மட்டுமே; அதன் பின் வண்டியின் ஓட்டத்திலிருந்தே வலிமையை எடுத்து அது தன்னை வளர்த்துக்கொள்கின்றது. ஓட்டம் குறையும்வரை அதற்கு உணவு உண்டு.

இவ்வுண்மை ஒரே நாளில் அறியப்பட்டதன்று. மோட்டார்க் கார்களின் முன்சில்லுகள் இவ்வாறு துடித்ததைக் கண்ட பிரெஞ்சு எந்திரவியலாளர் புரூலியே, ரயர் பக்கவாட்டில் வழுவிச் செல்லும் இயல்பை 1925ஆம் ஆண்டிலே எடுத்து விளக்கினார். ஆகாய விமானங்கள் தரையில் ஓடும்போது அவற்றின் சில்லுகள் துடிப்பதை ஜெர்மனியரான பொன் ஷ்லிப்பேயும் டீட்ரிஷும் 1941இல் ஆராய்ந்தனர். மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரை, ஆங்கிலேயரான றொபின் ஷார்ப் 1971இல் வெளியிட்ட ஆய்வே திருப்புமுனையாக அமைந்தது. கவிழ்தல், நெளிதல், நடுங்குதல் ஆகிய மூன்றையும் அவர் கணித முறையிற் பிரித்துக் காட்டினார். ரயரின் விசை காலந்தாழ்த்தி வருவதைக் கணக்கிற் சேர்த்தாலன்றி நடுக்கத்தைச் சரியாக விளக்கவியலாது என்பதும் அவ்வாய்வினால் தெளிவாயிற்று.

கணிதம் தெளிவுபடுத்துமுன்னரே கைவினைஞர் சிலர் அனுபவத்தால் உண்மையை அணுகியிருந்தனர். பிரித்தானிய நோட்டன் கம்பனியின் பந்தய வண்டிகள் எஞ்சினிற் சிறந்தவையாயினும், அவற்றின் பழைய சட்டகம் வேகத்தின் முன் தளர்ந்தது. பெல்பாஸ்ட் நகரத்து மக்கான்ட்லெஸ் சகோதரர்கள் இரட்டைக் குழாய்களால் உறுதியான புதிய சட்டகமொன்றை ஆக்கினர். அதில் ஏறி ஓடிய ஹரல்ட் டானியெல் என்பவர் அதனை இறகுப் பஞ்சணைக்கு ஒப்பிட்டார்; அவ்வொப்புமையே அச்சட்டகத்துக்குப் பெயராய் நிலைத்தது. 1950ஆம் ஆண்டு மான் தீவிலே, 60 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள மலைப்பாதையில் நடந்த ரி.ரி. பந்தயங்களில், ஜூனியர், சீனியர் ஆகிய இரண்டிலும் முதல் மூன்று இடங்களையும் நோட்டன் வண்டிகளே பெற்றன. சீனியர் பந்தயத்தை ஜெப் டியூக் வென்றார். எஞ்சின் பழைய ஒற்றைச் சிலிண்டர் வகையே. வண்டியை விரைவாக ஓடச் செய்வது எஞ்சின் மட்டுமன்று, ஓட்டுபவர் அதன்மீது கொள்ளும் நம்பிக்கையும் ஆகும் என்பதை அவ்வெற்றி உலகுக்கு உணர்த்தியது.

இனி, நடுக்கம் தோன்றிய வேளையில் செய்யத்தக்கது யாது என்பதை நோக்குவோர், மனிதனுடைய கைகளின் இயல்பை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு பொருள் கையை விட்டு நழுவப் பார்க்கும்போது அதனை இறுகப் பற்றுவது உயிரின் இயல்பு. குழந்தை தாயின் சேலையைப் பற்றுவதும், மரத்திலிருந்து வழுக்குபவன் கொப்பைப் பற்றுவதும் அவ்வியல்பினாலேயே. ஆனால் விரைந்து ஓடும் மோட்டார் சைக்கிளில் அவ்வியல்பு துணை செய்வதில்லை. சிறு கணக்கொன்று இதனைக் காட்டும். நடுக்கம் விநாடிக்கு 8 தடவை நிகழ்வதாகக் கொண்டால், ஒரு தடவை இடமும் வலமும் ஆடி முடிய ஒரு விநாடியின் எட்டிலொரு பங்கே ஆகும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அந்நேரத்துள் வண்டி மூன்றரை மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். மனிதன் ஒன்றைக் கண்டு கையை அசைப்பதற்கோ, மிக எளிய செயலாயினும், விநாடியின் ஐந்திலொரு பங்கு வேண்டும். ஆதலால், இடப்புறம் திரும்பும் கைப்பிடியை வலப்புறம் திருப்பலாம் என்று ஒருவர் முயன்றால், அவருடைய கை செயற்படும் வேளையில் கைப்பிடி ஏற்கெனவே வலப்புறம் சென்று மீண்டிருக்கும். அவர் அளிக்கும் விசை நடுக்கத்தைத் தணிப்பதற்கு மாறாக அதனை வளர்க்கவுங்கூடும். நடுங்கும் கைப்பிடியோடு மல்லாடி வெல்ல எவராலும் இயலாது.

ஆகவே, கைப்பிடியை விட்டுவிடாமல் உறுதியாகப் பற்றுதல் வேண்டும்; ஆனால் அதன் ஒவ்வோர் அசைவையும் எதிர்த்துப் போரிடலாகாது. முழங்கைகளை மரக்கட்டை போல விறைக்கச் செய்தால் உடலின் பாரம் முழுவதும் கைப்பிடியோடு பிணைக்கப்பட்டு, மேலுடம்பின் ஆட்டமும் அதனைச் சென்றடையும். முழங்கைகள் சற்று மடிந்து தளர்ந்திருக்குமாயின், தசைகளே நடுக்கத்தை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். உடலைத் தாங்கும் பொறுப்பைக் கைகளிடமிருந்து கால்களுக்கு மாற்றுதல் வேண்டும். இரு முழங்கால்களாலும் பெற்றோல் தாங்கியை இறுக அணைத்து, உடலை முன்னே சாய்த்துத் தாழ்த்திக்கொள்ளல் நன்று. அக்சிலேற்றரைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும், திடீரென மூடலாகாது. பிறேக்கை, சிறப்பாக முன்பிறேக்கை, அவ்வேளையில் அழுத்தலாகாது. அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பயிற்றும் பாதுகாப்பு நிறுவனத்தின் கைந்நூலும் சாராம்சத்தில் இவ்வறிவுரையையே கூறுகின்றது.

பிறேக்கை அழுத்தலாகாது என்பதற்கு ஆதாரமும் உண்டு. லைம்பியர், ஷார்ப், எவாஞ்சலு ஆகிய மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சமதரையிற் பிறேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் நடுக்கத்துக்கு எதிரான உறுதி பெரிதும் குறைந்துவிடுகின்றது எனக் கண்டனர். மேட்டில் ஏறும்போதும் வேகத்தைக் கூட்டும்போதும் அவ்வுறுதி பெருகுகின்றது. இதனைக் கேட்டவுடன் ஒருவர் வினவலாம்: அங்ஙனமாயின் வேகத்தைக் கூட்டியே நடுக்கத்தினின்று தப்பலாகாதா? பந்தயத் திடலில் அவ்வாறு தப்பியவர்களும் உளர். ஆனால் பொது வீதி பந்தயத் திடலன்று. கூட்டிய வேகம் என்றோ ஒரு கணத்திற் குறைக்கப்பட்டே தீரவேண்டும். எதிரே வளைவோ, வாகனமோ, வீதியைக் கடக்கும் ஒருவரோ தோன்றுமிடத்து அக்கணம் உடனே வந்துவிடும். அப்போது முன்னையதினும் கூடிய வேகத்தில், முன்னையதினும் கொடிய நடுக்கத்தை அவர் சந்திக்க நேரும். கடனை அடைப்பதற்கு மேலுங் கடன் வாங்குவது போன்றதே அச்செயல்.

இலங்கையில் அதிவேக நெடுஞ்சாலைகள் 2011ஆம் ஆண்டு முதல் திறக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை. ஆதலால் இவ்வாபத்து இந்நாட்டவரைச் சாராது என எண்ணுவார் உளராயின், அவ்வெண்ணம் தவறானது. குறையுள்ள வண்டியொன்றில் மணிக்கு 60 முதல் 80 கிலோமீற்றர் வேகத்திலேயே நடுக்கம் தோன்றுவதுண்டு. மலைநாட்டின் நீண்ட இறக்கங்களையும், வடக்கு நோக்கிச் செல்லும் நேரான நெடுவீதியையும் அறிந்தவர்களுக்கு அவ்வேகம் புதியதன்று. அன்றியும், இந்நாட்டில் மோட்டார் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று, குடும்பத்தின் வண்டி. பின்னிருக்கையில் மனைவி, இடையிற் குழந்தை, பின்புறத்தில் அரிசிமூட்டையோ தேங்காய்ச் சாக்கோ மீன்பெட்டியோ. பின்னச்சுக்கும் பின்னே உயரத்தில் ஏற்றிய பாரம் முன்சில்லை இலேசாக்கி, வண்டியின் நெளிவை வளர்க்கின்றது. எஞ்சின் இழுக்குமட்டும் ஏற்றலாம் என்பது மாட்டுவண்டிக்கும் பொருந்தாத நியாயம். பாரத்தைத் தாழ்வாகவும், இயன்றவரை இருக்கைக்கு அண்மையாகவும், இருபுறமும் சமமாகவும் வைத்துக் கட்டுதலே அறிவுடைமை.

நடுக்கத்தை வெல்லத்தக்க இடம் வீதியன்று, வீட்டு முற்றமே. அரைமணி நேரம் செலவிட்டால் பெரும்பாலான காரணங்களை ஒருவர் தாமே கண்டுபிடித்துவிடலாம். முதலில் ரயர்களை நோக்குக. காற்றின் அளவை வண்டி ஓடிச் சூடாகுமுன்னர் அளந்து, தயாரித்தவர்கள் குறித்த அளவோடு ஒப்பிடுதல் வேண்டும். ரயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகியிருப்பினும், ஓரங்களில் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருப்பினும் அதனை மாற்றிவிடுதல் நன்று. அடுத்து, முன்சில்லை நிலத்தினின்று உயர்த்திச் சுழற்றிப் பார்க்குக. அது வளைந்து ஓடுகின்றதா என்பது பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமற் பிடித்தாலே புலனாகும். கம்பிச் சில்லாயின் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்க்குக. இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும்.

சில்லு உயர்த்தியபடி இருக்கும்போதே, முன்போக்கின் இரு கால்களையும் அடிப்புறத்திற் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தல் வேண்டும். கடக்கென்று ஓர் அசைவு தட்டுப்பட்டால், கைப்பிடி திரும்பும் கழுத்திலுள்ள பெயாரிங் தளர்ந்துள்ளது என்பது துணிபு. பின்னர் கைப்பிடியை ஒரு புறத்திலிருந்து மறுபுறம் மெல்லத் திருப்புக. நடுவில் வந்ததும் பள்ளத்தில் விழுந்தாற்போல ஓரிடத்தில் தங்குமாயின், அப்பெயாரிங் தேய்ந்து குழிவிழுந்துவிட்டது. இறுக்குவதாற் பயனில்லை, மாற்றுதலே வழி. தளர்வுக்கு அஞ்சி அளவுக்கு மிஞ்சி இறுக்குவதும் ஆகாது. அது வண்டியை நேராகச் செல்லவிடாமல் அலையச் செய்யும். பின்சில்லையும் இருபுறமும் அசைத்துப் பார்த்து, அதனைத் தாங்கும் கைகளின் புஷ்கள் தேய்ந்துள்ளனவா என அறிக. செயினை இறுக்கும்போது இருபுறக் குறிகளும் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் பின்சில்லு கோணலாக நின்று முன்சில்லோடு முரண்படும். நீண்ட நூலொன்றைப் பின்ரயரின் பக்கத்தோடு இழுத்து முன்சில்லுவரை பிடித்தால் அக்கோணல் கண்ணுக்குத் தெரியும்.

இத்தகைய சோதனைகளுக்குப் பதிலாகத் தணிப்பான் ஒன்றைப் பொருத்திவிட்டாற் போதும் எனச் சிலர் கருதுவர். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் கைப்பிடியின் நடுவே ஒரு திருகு இருந்தது. அதனைத் திருகினால் உராய்வினாற் கைப்பிடி இறுகும். பிற்காலத்தில் எண்ணெயின் தடையாற் செயற்படும் ஸ்ரியறிங் டம்பர் வந்தது. விரைந்த அசைவை மட்டும் தடுத்து மெதுவான திருப்பத்துக்கு இடங்கொடுப்பதால் அது முன்னையதினுஞ் சிறந்தது. வேகமான வண்டிகள் சிலவற்றில் அது தேவையானதே. எனினும், தளர்ந்த பெயாரிங்கையும் தேய்ந்த ரயரையும் அப்படியே விட்டுத் தணிப்பானை மட்டும் பொருத்துவது, காய்ச்சலின் காரணத்தை ஆராயாமல் நெற்றியில் ஈரத்துணி இடுவதை ஒக்கும். மேலும், முன்பகுதியின் நடுக்கத்துக்கு நல்லதாகிய அத்தணிப்பான், அளவு மிஞ்சினால் வண்டி முழுவதன் நெளிவை வளர்க்கவுங் கூடும்.

எத்துணை கவனமாக இருந்தபோதிலும் விபத்தை முற்றாக விலக்க இயலாது. 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மரணமுற்ற ரி. ஈ. லோறன்ஸ் என்பவருக்குச் சிகிச்சை செய்தோரில் ஒருவரான ஹியூ கெயான்ஸ் என்னும் மூளைச் சத்திரவைத்தியர், ஓட்டுபவர்களின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் வெளியிட்ட கட்டுரையில் வற்புறுத்தினார். இன்று சட்டத்துக்காக அணியப்படும் தலைக்கவசத்தின் பின்னே ஒரு வைத்தியரின் துயரமும் உழைப்பும் உண்டு. தாடைப்பட்டியை மாட்டாமல் தலையில் வைத்துச் செல்வோர் அவ்வுழைப்பின் பயனைப் பெறார்.

நடுக்கம் ஓய்ந்து வண்டி வீதியோரத்தில் நின்றதும் பெரும்பாலோர் ஒரு பெருமூச்சோடு அதனை மறந்துவிடுகின்றனர். மேடு ஒன்று குறுக்கிட்டது, அதனால் ஆடியது என்று தமக்குத் தாமே கூறிக்கொள்கின்றனர். மேடு எல்லாருக்கும் பொதுவானது. அதே மேட்டில் ஏறிச் சென்ற வேறு வண்டிகள் ஆடவில்லை. ஆகவே அன்றைய பயணத்தை மெதுவாக ஓட்டி முடித்து, மறுநாட் காலை வண்டியை உயர்த்தி நிறுத்திக் காரணத்தைத் தேடுதல் வேண்டும். ஒரு தடவை நடுங்கிய கைப்பிடி மறு தடவையும் நடுங்கும். அம்மறு தடவை பின்னிருக்கையில் யார் இருப்பார் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது.